35 டொலர் லைசன்ஸும் யூக்கம்பீன் ஏரியும்

அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மீன்பிடி லைசன்ஸை ஒன்பது வருடமாக வாங்கி வருகிறேன். கார் கழுவுகிற இடத்துக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் ஆட்கள் பக்கம் பக்கமாக ரிவியூ எழுதுகிறார்கள். இந்த லைசன்ஸுக்கு ஒருவரும் எழுதி நான் காணவில்லை, ஆனபடியால் நானே எழுதுகிறேன். மூன்று நாளுக்கு 7 டொலர், ஒரு மாதத்துக்கு 14, ஒரு வருடத்துக்கு 35, மூன்று வருடத்துக்கு 85. நான் கட்டிவந்த விலை இது. 18 வயதுக்குக் கீழ் என்றால் காசே இல்லை. இணையத்தில் கட்டினால் இரண்டு நிமிட வேலை, போனிலேயே வைத்துக்கொள்ளலாம். கடலுக்கும் இதே லைசன்ஸ்தான் செல்லும். ஆனால் நான் இதை வாங்குவது ஒரேயொரு தண்ணிக்காக: ஸ்நோயி மலையில் இருக்கிற யூக்கம்பீன் ஏரி.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் கேட்டார்: "லைசன்ஸுக்கும் குடுத்து, பெற்றோலும் அடிச்சு, அஞ்சு மணித்தியாலம் ஓடி, கடைசியில ரெண்டு மீனோட வாறியள். அந்தக் காசுக்குக் கடையில முழுச் சமன் மீன் ஒண்டு வாங்கலாமே?"

நியாயமான கேள்வி. போன வருடம் ஏழு தடவை போனேன், வீட்டுக்குக் கொண்டுவந்தது பதினொரு மீன். மீனை மட்டும் தராசில் வைத்தால் நட்டம்தான். நான் எதற்குக் காசு கட்டுகிறேன் என்பது எனக்கே விளங்க நாலைந்து வருடம் எடுத்தது.

நான் கிளிநொச்சிப் பக்கம். எங்களுக்குப் பெரிய தண்ணி என்றால் இரணைமடுக் குளம்தான். அப்பாவோடு தூண்டில் போட்டால் ஜப்பான் மீன் வரும், திலாப்பியாவுக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். அந்த மீன் 1950களில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இலங்கைக் குளங்களில் விடப்பட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. குளத்தில் மீன் இருக்கும், நாங்கள் பிடிப்போம், அவ்வளவுதான். ஆர் விட்டது, ஆர் பார்க்கிறது, தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. யூக்கம்பீனுக்கும் அதே நினைப்போடுதான் போனேன்.

ஏரி என்று சொல்கிறோமே தவிர இது அணைக்கட்டுத் தண்ணி. ஸ்நோயி மின் திட்டத்துக்காக யூக்கம்பீன் ஆற்றை மறித்து 1958 இல் கட்டி முடித்த மண் அணை, 116 மீற்றர் உயரம். நிரம்பினால் சிட்னித் துறைமுகத்தைப் போல ஒன்பது மடங்கு தண்ணி நிற்கும். பழைய அடமினபி ஊர் இதற்குள்தான் போனது. 1956, 57 இல் வீடுகளையும் தேவாலயங்களையும் லொறியில் ஏற்றி மேட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தத் திட்டத்தில் 1949 தொடக்கம் 1974 வரை வேலை செய்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களில் பெரும்பாலானோர் போருக்குப் பிறகு ஐரோப்பாவை விட்டு வந்தவர்கள். 121 பேர் வேலையிலேயே செத்துப்போனார்கள். ஊர் இழந்து வந்தவர்கள் இன்னொரு ஊரைத் தண்ணிக்குள் விட்டுக் கட்டிய அணை இது. முதல் தடவை கரையில் நின்றபோது அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவேயில்லை.

புது அடமினபியில் றோட்டோரம் பத்து மீற்றர் உயர ட்ரவுட் சிலை ஒன்று நிற்கிறது, 1973 இல் வைத்தது. ட்ரவுட் என்பது இந்த ஏரியில் நாங்கள் பிடிக்கப்போகிற குளிர்தண்ணி மீன். பிள்ளைகளுக்குப் படம் எடுக்க நல்ல இடம்.

முதல் வருடம் முழுக்க ஒரு மீனும் இல்லை. பிழை என்னுடையது பாதி, சிட்னியில் ஒரு கடையினுடையது பாதி. ட்ரவுட்டுக்கு என்று கேட்டுத்தான் வாங்கினேன், அவர்கள் தந்தது கடல் பாறையில் நின்று பிடிக்கிற தடித்த தூண்டிலும் 20 றாத்தல் பாரம் தாங்குகிற தங்கூசியும் (தூண்டில் நூல்). தெளிந்த மலைத் தண்ணியில் அந்தத் தங்கூசி கயிறு மாதிரித் தெரியும். இப்போது நான் பாவிப்பது 6 றாத்தல். அத்தோடு, நான் போனது எல்லாம் தை மாதப் பள்ளி விடுமுறையில், பகல் பத்து மணிக்கு. கோடையில் மேல் தண்ணி சூடாகி ஒரு படலமாகக் கிடக்கும், குளிர் தண்ணி கீழே தங்கிவிடும். ட்ரவுட்டுக்கு 20 பாகைக்கு மேலே போனால் மூச்சு முட்டும், ஆனபடியால் அது கீழே இறங்கிவிடும். நான் கரையில் நின்று ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோடையில் பிடிக்க வேண்டும் என்றால் வள்ளம் வேண்டும், லெட்கோர் வேண்டும். நடுவில் ஈயக் கம்பி ஓடுகிற நூல் அது. பத்து யாருக்கு ஒருதரம் நிறம் மாறும், எத்தனை நிறம் வெளியே விட்டோம் என்று எண்ணித்தான் ஆழம் பார்ப்பது. அத்தானின் டின்னி என்கிற சின்ன அலுமினிய வள்ளத்தில் மெல்லமாக ஓடிக்கொண்டு மூன்று நிறம் விட்டால் போலி இரை நாலு, ஐந்து மீற்றர் கீழே போகும். மீன் அகப்படாவிட்டால் இன்னும் ஒரு நிறம். நான் பாவிக்கிறது டஸ்மேனியாவில் செய்கிற டாஸி டெவில். சிறகு வைத்த சின்னக் கட்டை, இழுபடும்போது தள்ளாடித் தள்ளாடி வரும். விடிய முதல் சிவப்பும் கறுப்பும், வெயில் ஏறினால் பச்சையும் மஞ்சளும். மற்றவர்கள் வேறு நிறம் சொல்வார்கள், எனக்கு இதுதான் சரிவந்தது.

வள்ளம் இல்லாதவர்களுக்குச் சித்திரை, வைகாசிதான் காலம். தண்ணி குளிர மீன் கரைக்கு வரும். இன்னொன்றும் உண்டு, இதை எனக்குச் சொல்லித்தந்தவர் போகிற வழியிலுள்ள கூமா ஊரில் எண்பது வயதுக் கிழவர் ஒருவர்: அணையில் தண்ணி ஏறுகிற கிழமையைப் பாருங்கள். காய்ந்த புல்லுக்கு மேல் தண்ணி ஏறினால் மண்ணிலிருக்கிற புழு எல்லாம் வெளியே வரும். ட்ரவுட் முழங்கால் அளவுத் தண்ணிக்கு வந்து மேயும். அப்போது தூண்டிலைத் தூர எறிகிறவனுக்கு ஒன்றும் இல்லை. தண்ணிக்குள் இறங்காமல், பத்து அடி பின்னால் நின்று, மண்புழுவைக் கரையோரம் விடுகிறவனுக்குத்தான் மீன். இப்படித்தான் என்னுடைய முதல் ரெயின்போ ட்ரவுட் வந்தது. 38 சென்ரிமீற்றர். வயிற்றைக் கீறினால் உள்ளே மூன்று மண்புழு, கை நகத்தளவு நத்தைகள், பாதி கரைந்த யாபி ஒன்று. யாபி என்பது இங்குள்ள குளத்து இறால், நண்டு மாதிரி கொடுக்கு வைத்தது. அதைத் தின்கிற மீனின் சதை செம்மஞ்சளாக இருக்கும்.

இனி லைசன்ஸ் காசு எங்கே போகிறது என்ற கதைக்கு வருகிறேன். 2001 இல் இந்தக் கட்டணம் கடல், ஆறு எல்லாவற்றுக்கும் என்று வந்தபோதே, சேர்கிற காசை மீன்பிடிக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று சட்டம் வைத்துவிட்டார்கள். நன்னீருக்கு ஒரு நம்பிக்கை நிதி, கடலுக்கு ஒன்று. எழுத்தில் இப்படி வாசித்தால் ஒருவருக்கும் மனதில் தங்காது. ஜிண்டபைனுக்கு வெளியே த்ரெட்போ ஆற்றங்கரையில் இருக்கிற கேடன் மீன்குஞ்சுப் பண்ணைக்குப் போய்ப் பாருங்கள், அப்போது தங்கும்.

ஒரு குளிர்காலம் நான் போன அன்று முட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் பொறி வைத்து, முட்டையிட மேலே ஏறி வருகிற மீனைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒருவர் பெட்டை மீனை ஈரத் துணியோடு அணைத்துப் பிடித்து, நெஞ்சிலிருந்து வால் பக்கமாகப் பெருவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டு வந்தார். பட்டாணியை விடச் சின்னதாய், செம்மஞ்சளாய், முட்டை சரசரவென்று பேசினுக்குள் கொட்டியது. அதற்கு மேல் கடுவனின் பால் இரண்டு சொட்டு. பேசினில் ஒரு துளி தண்ணி இல்லை. ஏன் என்று கேட்டேன். தண்ணி பட்டால் விந்துக்கு ஒரு நிமிடம்கூட ஆயுள் இல்லையாம். காய்ந்த பேசினில் கலந்து, எல்லா முட்டையிலும் பட்ட பிறகுதான் தண்ணி விடவேண்டும். இறகால் கோதுவது போல விரலால் கலக்கினார். முடிந்ததும் அந்த மீனைத் தொட்டிக்குள் விட்டார், அது வாலை ஒருதரம் ஆட்டிவிட்டு அசையாமல் கீழே போய்ப் படுத்தது. பத்துப் பாகைத் தண்ணியில் ரெயின்போ முட்டை ஒரு மாதத்தில் பொரிக்கும். பக்கத்துத் தட்டில் இருந்த முட்டைகளில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. கண்.

யூக்கம்பீனுக்கு வருடாவருடம் விடுகிற ரெயின்போக் குஞ்சுகள் இங்கிருந்துதான் போகின்றன. பிரவுண் ட்ரவுட் தானாகவே பெருகிவிடும். ஒரு பக்கம் மனிதக் கை, ஒரு பக்கம் ஆறு. இந்த இரண்டையும் கணக்குப் பார்த்து நடத்துவதுதான் இந்த ஏரியின் நிர்வாகம். என்னைக் கேட்டால் 35 டொலரின் பெறுமதி இரண்டாவது பக்கத்தில்தான் அதிகம்.

ட்ரவுட் நின்ற தண்ணியில் குஞ்சு பொரிக்காது. அதற்குக் குறுணிக் கல்லும் ஓடுகிற குளிர்ந்த தண்ணியும் வேண்டும். ஏரியில் வளர்ந்த மீன் ஆற்றுக்கு ஏறித்தான் முட்டையிட வேண்டும். பிரவுண் வைகாசி, ஆனியில் ஏறும். ரெயின்போ ஆடி, ஆவணியில். அந்த நேரத்தில் ஆற்றில் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம், கல்லுக்குக் கல் மீன் நிற்கும். ஆகவே சட்டம் இப்படி: ஏரி வருடம் முழுக்கத் திறந்திருக்கும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து மீன், 25 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததை விடவேண்டும். ஆறு, ஜூன் நீள் வாரஇறுதி முடிந்ததும் மூடி ஒக்ரோபர் நீள் வாரஇறுதிக்குத்தான் திறக்கும். மூடுவதற்கு முன்னாலும், மே மாதம் முதலாம் திகதியிலிருந்து, த்ரெட்போவிலும் யூக்கம்பீன் ஆற்றிலும் ஒரேயொரு மீன்தான் வைத்திருக்கலாம், அதுவும் 50 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும்.

அந்த 50 எங்களுக்கு ஒருதரம் நல்ல சோதனை வைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம், மகனுக்குப் பதினைந்து வயது. த்ரெட்போவில் மழை பெய்து இரண்டாம் நாள், தண்ணி தேயிலைச் சாயத்தில் இருந்தது. பெரிய கல்லொன்றின் பின்னால் அவன் எறிந்த போலி இரையை ஒரு பிரவுண் கவ்வியது. பத்து நிமிடம். அவனுடைய கை நடுங்கியது எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது. வலைக்குள் வந்த பிறகு அளந்தோம். 47.

"அப்பா, மூண்டு சென்ரிமீற்றர்தானே. ஆர் பாக்கப்போகினம்?"

உண்மையில் ஒருவரும் இல்லை. ஆற்றில் நாங்கள் இரண்டு பேர். நான் ஒன்றும் சொல்லாமல் மீனைத் தண்ணிக்குள்ளேயே பிடித்துக்கொண்டு கொக்கியைக் கழற்றினேன். பெட்டை மீன். வயிறு மெத்தென்று இருந்தது. கையை எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு முட்டை ஒட்டிக்கொண்டு நின்றது. அதை அவனிடம் காட்டினேன். இப்படி ஆயிரத்துக்கு மேல் அதற்குள் இருக்கு என்றேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மீனைத் தானே வாங்கி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தான். செவுள் திறந்து மூடி, திறந்து மூடி, பிறகு கையிலிருந்து நழுவிப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அவன் அந்த மீனைப் பற்றி மட்டும்தான் கதைத்தான். வருகிற வருடம் அவனுக்கு 18 முடியும். மூன்று வருட லைசன்ஸைத் தன்னுடைய பகுதிநேரச் சம்பளத்தில் எடுக்கப்போகிறானாம், நான் எடுத்துத் தரக்கூடாதாம்.

பரிசோதனைக்கு அதிகாரிகள் வருவார்கள். ஒன்பது வருடத்தில் எனக்கு நாலு தடவை. லைசன்ஸைப் பார்த்தார்கள், மீன் பெட்டியைத் திறந்து அளந்தார்கள், எங்கே மீன் நிற்கிறது என்று அவர்களே சொல்லிவிட்டும் போனார்கள். மரியாதையாகக் கதைப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஆட்களில் சிலர் லைசன்ஸ் இல்லாமல் "சும்மா பிள்ளைகளுக்காகப் போடுறம்" என்று தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன். பிள்ளைக்குக் காசில்லை, உங்களுக்கு உண்டு. ஏழு டொலர். ஒரு கோப்பியும் கேக் துண்டும் விற்கிற விலை அது.

குறைகளையும் சொல்லவேண்டும். எந்த ஆறு எந்த வகை, எங்கே புழு போடலாம், எங்கே போலி இரை மட்டும், எங்கே எத்தனை தூண்டில் என்பது புதிதாக வருகிறவருக்குத் தலையைச் சுற்றும். போகிற இடத்தின் விதியை முதல் நாளே உட்கார்ந்து வாசியுங்கள். ஏரி மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் கட்டியது, மீனுக்காக ஒருவரும் தண்ணியைப் பிடித்து வைக்கமாட்டார்கள். வரட்சி வருடங்களில் நீர்மட்டம் இறங்கிப் பழைய ஊரின் அத்திவாரமே வெளியே தெரிந்தது. அப்போது வள்ளம் இறக்குகிற இடங்களில் சேறுதான் மிஞ்சும்.

இதைவிடப் பெரிய ஒன்று என்னை உறுத்துகிறது. ட்ரவுட் இந்த மலையின் மீன் இல்லை. பிரவுண் முட்டை 1864 இல் இங்கிலாந்திலிருந்து ஐஸில் வைத்துக் கப்பலில் டஸ்மேனியாவுக்கு வந்தது, ரெயின்போ 1894 இல் நியூசிலாந்திலிருந்து இங்கே வந்தது. இந்த ஓடைகளில் முன்னர் வாழ்ந்தவை கலாக்சியஸ் என்கிற விரலளவு மீன்கள். ட்ரவுட் அவற்றைத் தின்று முடித்தது. ஸ்டொக்கி கலாக்சியஸ் என்கிற வகை இன்று டன்டங்கரா ஓடையில் ஒரு நீர்வீழ்ச்சிக்கு மேலே ஒதுங்கிக் கிடக்கிறது, ட்ரவுட்டால் அந்த வீழ்ச்சியை ஏற முடியாது என்ற ஒரே காரணத்தால். இப்போது ஸ்நோயி மின் திட்டத்தின் புது விரிவாக்கமான ஸ்நோயி 2.0 இன் சுரங்கம், கீழேயிருக்கிற டல்பிங்கோ அணையிலிருந்து மேலேயிருக்கிற டன்டங்கரா அணைக்குத் தண்ணி ஏற்றப்போகிறது. கீழேயிருக்கிற ரெட்ஃபின் என்கிற மீனும், ஈரப் பாறையில் ஏறக்கூடிய வேறொரு கலாக்சியஸும் அதோடு மேலே வந்துவிடும் என்று மீன் அறிஞர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ட்ரவுட் பிடிக்கிறவன் என்ற வகையில் எனக்கு இதில் பொறுப்பு உண்டு. என் லைசன்ஸ் காசில் ஒரு பங்கு அந்த விரலளவு மீனுக்குப் போனால் சந்தோசமாக 50 டொலர் கட்டுவேன். உங்களால் செய்யக்கூடியதும் உண்டு: ஒரு ஏரியின் தண்ணியை வாளியிலோ வள்ளத்திலோ இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள், உயிருள்ள மீனை இரையாகப் போடாதீர்கள். சப்பாத்தையும் வலையையும் கழுவிக் காயவிட்டுத்தான் அடுத்த தண்ணிக்குள் இறங்குங்கள்.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு நாலரை.

வாடகை வள்ளம் எடுப்பவர்களுக்கு ஒன்று. ஒரு இடத்தில் எடுத்த வள்ளத்தின் மோட்டர் ஏரி நடுவில் நின்றுவிட்டது, துடுப்பும் இல்லை. யூக்கம்பீனில் மத்தியானத்துக்குப் பிறகு காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால் கடல் மாதிரி அலை எழும், தண்ணி கோடையிலும் எலும்பைப் பிடிக்கிற குளிர். இரண்டு மணித்தியாலம் அடிபட்டுக் கரை சேர்ந்தோம். காசைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் அந்த இரண்டு மணித்தியாலத்தை ஆர் தருவது? கிளம்ப முதல் துடுப்பு இருக்கா, மோட்டர் இரண்டு தரம் ஸ்டார்ட் ஆகுதா என்று பாருங்கள். உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

மீனைச் சமைக்கிற விசயம். ட்ரவுட்டின் செதிள் மிகச் சின்னது, சுரண்டத் தேவையில்லை. குடலை எடுத்து, முள்ளந்தண்டோரம் கிடக்கிற கறுத்த இரத்தத்தைப் பெருவிரல் நகத்தால் வழித்துக் கழுவினால் போதும், அதை விட்டால் கசக்கும். உறைப்புக் குழம்பு வைத்துப் பார்த்தோம், மீனின் சுவை தூளுக்குள் செத்துப்போனது. என் மனுசி வைக்கிற சொதிதான் இதற்குப் பொருத்தம்: வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டு இரண்டாம் பாலில் அவித்து, மீனை இறக்கி, அகப்பை போடாமல் சட்டியை மட்டும் ஆட்டி, முதற்பால் விட்டு ஒரு கொதி, இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி. இடியப்பத்தோடு. பொங்கலுக்குக் கேள்வி கேட்ட அந்தச் சொந்தக்காரர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

சிட்னியிலிருந்து கூமா 400 கிலோமீற்றர், அங்கிருந்து அடமினபி இன்னும் 50. அந்தக் கடைசி 50 ஐ இருட்டில் ஓடாதீர்கள். விடியற்புறம் றோட்டு முழுக்கக் கங்காரும் வொம்பற்றும் நிற்கும். மூன்று மணிக்குப் புறப்பட்டு விடியலைப் பிடிப்போம் என்று நினைப்பதை விட, முதல் நாள் பின்னேரமே போய்க் கூமாவில் படுத்து எழும்புவது நல்லது.